கோட்டை இல்லமும் சீதன வீடும்: மட்டக்களப்பு எழுவான்கரை மனைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் காலனித்துவக் காலக் கட்டிடங்கள் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கோட்டை, தேவாலயம், தேசாதிபதியின் மாளிகை என்பவற்றையே பொருளாகக் கொண்டவை. மக்கள் பிறந்து, உண்டு, உறங்கி, மணம் முடித்து, மாண்டுபோன வீடுகள் இவ்வாய்வுகளில் அடிக்குறிப்பு அளவிலேனும் இடம்பெறுதல் அரிது. கல்லாற் கட்டப்பட்டது நிலைத்தது. மண்ணாலும் கிடுகாலும் கட்டப்பட்டது மறைந்தது. இதனால் வரலாற்றாசிரியரின் பார்வையும் நிலைத்ததன்மீதே படிந்தது. இப்போக்கிற்கு இது ஒரு காரணம் மாத்திரமே. ஆட்சியாளரின் மனையை வரலாறு என்றும் ஆளப்பட்டோரின் மனையை வழக்கம் என்றும் வகுத்துப் பார்க்கும் மனப்பாங்கு இதனிலும் முக்கியமான காரணம் எனலாம்.

இக்கட்டுரையில் மட்டக்களப்பு வாவியின் இரு வகை மனைகளை ஒருங்கு வைத்து நோக்க முயல்கின்றோம். ஒன்று, புளியந்தீவிற் கோட்டைச் சுவர்களுக்குள் அமைந்த ஆட்சியாளரின் இல்லம். மற்றையது, நகரிலிருந்து தெற்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்திலுள்ள களுதாவளை போன்ற எழுவான்கரை ஊர்களிற் காணப்படும் சீதன வீடு. முன்னையதன் கட்டிடக் கூறுகள் பின்னையதனுட் புகுந்தமை வெளிப்படை. ஆனால் வீடு எவருக்கு உரியது என்ற வினாவுக்கு இவ்விரு மனைகளும் அளிக்கும் விடைகள் வேறுபட்டவை. அவ்வேறுபாடே இங்கு எமது கவனத்துக்குரியது.

கோட்டையும் அதனுள் அமைந்த இல்லமும்

ஒல்லாந்தக் கடலோடியான ஸ்பில்பேர்கன் 1602 ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கரையை அடைந்தபோது அங்கு ஐரோப்பியர் கோட்டை எதுவும் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் 1628 ஆம் ஆண்டளவிற் புளியந்தீவிலே கோட்டையை எழுப்பினர். பத்து ஆண்டுகளுள், 1638 மே மாதத்தில், வெஸ்டர்வோல்ட் தலைமையிலான ஒல்லாந்தப் படை கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதனைக் கைப்பற்றிற்று. மன்னனுக்கும் ஒல்லாந்தருக்குமிடையிலான உடன்படிக்கையும் அம்மாதத்திலேயே மட்டக்களப்பிற் கைச்சாத்தாயிற்று. சில ஆண்டுகளின் பின் கோட்டை ஒல்லாந்தர் கைவிட்டுப் போயிற்று. 1668 இல் அவர்கள் மீண்டும் வந்து அமர்ந்தனர். 1795 இல் அது பிரித்தானியர் வசமாயிற்று.

நாற்புறமும் கொத்தளங்களைக் கொண்ட இக்கோட்டையின் இரு பக்கங்களை வாவியும் ஏனைய இரு பக்கங்களை அகழியும் காத்தன. ஒல்லாந்தர் காலத்தில் ஆட்சித் தலைவர், படைவீரர், எழுத்தர், பண்டசாலை, வெடிமருந்து என யாவும் இச்சுவர்களுக்குள்ளேயே அடங்கின. வாழும் இடமும் ஆளும் இடமும் களஞ்சியமும் ஒன்றாயிருந்தமை இவ்வில்லத்தின் முதற்பண்பாகும். பீற்றர் டி கிராவ் 1676 ஆம் ஆண்டிலும் யாக்கோப் பேர்ணன்ட் 1794 ஆம் ஆண்டிலும் தமக்குப் பின் வருவோர்க்கென எழுதிவைத்த குறிப்பேடுகள் இத்தகைய ஆட்சியிலே தோன்றியவையே. 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பின் தலைமை அதிகாரியாயிருந்த பேர்ணன்ட் நெற்செய்கையைப் பெருக்குவதில் மிகுந்த ஊக்கங் காட்டியவர். வாவிக்கரை ஊர்கள், அவற்றின் நிலங்கள், சாதியமைப்பு, நெல் வருவாய் என்பன பற்றிய கணக்கு இவ்வாறு அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பிரித்தானியர் காலத்திலே கோட்டை கச்சேரியாகி, சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் மாவட்ட நிருவாகத்தின் இருப்பிடமாய் விளங்கிற்று.

ஒல்லாந்தரது நகர இல்லம் எவ்வாறிருந்தது என்பதை அறியக் கொழும்புப் புறக்கோட்டையில் இளவரசர் வீதியிலுள்ள மாளிகை துணைபுரிகின்றது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், 1692 முதல் 1697 வரை தேசாதிபதியாயிருந்த தோமஸ் வான் றீ என்பாரின் வாசத்தலமாய் விளங்கிய அக்கட்டிடம் பிற்காலத்தில் மருத்துவமனையாகவும் படையினர் தங்குமிடமாகவும் அஞ்சலகமாகவும் பயன்பட்டது. பின்னர் புனரமைக்கப்பட்டு 1982 இல் அரும்பொருட் சாலையாகத் திறக்கப்பட்டது. தெருவை நோக்கிய உயர்ந்த தூண்கள், தடித்த சுவர்கள், செங்குத்தாய்ச் சரியும் ஓட்டுக்கூரை, அகன்ற மரச் சாளரங்கள், பின்புறத்தே கிணற்றோடு கூடிய முற்றம் என்பன அதன் உறுப்புக்கள். ஒல்லாந்து நாட்டு வீடு குளிருக்காக அமைந்தது. இங்கு வந்தபின் அது வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப மாறவேண்டியதாயிற்று. கூரை முன்னே நீண்டு நிழல் தந்தது. முற்றம் காற்றை உள்ளே இழுத்தது. ஆகவே, ஒல்லாந்தர் கட்டிடக்கலை எனப்படுவதே இந்நாட்டின் தட்பவெப்பத்தாலும், இந்நாட்டுக் கொத்தர் தச்சரின் கைத்திறத்தாலும் உருமாறிய ஒன்றென்பதை மறத்தல் ஆகாது.

எழுவான்கரையின் வளவு

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே கடலோரமாயுள்ள பகுதி எழுவான்கரை. மேற்கேயுள்ள வயற்பகுதி படுவான்கரை. சூரியன் எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு அமைந்த பெயர்கள் இவை. தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே அமைந்த களுதாவளை, எழுவான்கரையின் பழைய ஊர்களுள் ஒன்று. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாலும், மணல் நிலத்திலே நீர் இறைத்துச் செய்யப்படும் வெற்றிலை, மிளகாய், காய்கறிச் செய்கையாலும் அறியப்படுவது. இவ்வூர்களில் வாழ்ந்தோருட் பலர் வாவியைக் கடந்து படுவான்கரையில் வேளாண்மை செய்தனர். 1924 இல் கல்லடிப் பாலம் திறக்கப்படும் வரை எழுவான்கரையின் இப்பகுதியிலிருந்து புளியந்தீவுக்குச் செல்வதற்கும் நீரைக் கடக்கவேண்டியிருந்தது.

எழுவான்கரையின் பழைய வீடு பெரும்பாலும் மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்டது. மணல் நிலத்திலே சற்று உயர்த்திய அடித்தளம். முன்னே திண்ணை அல்லது குந்து. உள்ளே இருள் செறிந்த ஓர் அறை. வீட்டை ஒட்டியோ விலகியோ அடுக்களை. சுற்றிவரக் கிடுகு வேலி. ஆழமில்லாத கிணறும், தென்னையும், பெருக்கித் துப்புரவாக்கிய மணல் முற்றமும் சேர்ந்ததே வளவு. நெல்லும் நகையும் வைக்கப்பட்டதும், பூப்பெய்திய பெண் இருத்தப்பட்டதும் உள்ளறையிலேயே. யாழ்ப்பாணத்துச் செல்வர்கள் எழுப்பிய நாற்சார் வீட்டை இங்கு பொதுவாகக் காண்பதற்கில்லை. எழுவான்கரையின் குடும்பம் விரிவடைந்தது ஒரு வீட்டினுள்ளே அன்று, ஒரு வளவினுள்ளே என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம்.

மூத்த மகள் மணம்முடிக்கும்போது பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்குச் சீதனமாய் அளிப்பர். மருமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். பெற்றோரும் இளைய பெண்களும் அதே வளவிலோ அண்மையிலோ எழுப்பப்பட்ட வேறொரு வீட்டுக்குப் பெயர்வர். அடுத்த மகளின் மணத்தோடு அவ்வீடும் கைமாறும். இவ்வாறு தாயின் வீட்டைச் சுற்றி மகளிரின் வீடுகள் அமைய, சகோதரிகள் ஒரே வேலிக்குள் வாழ்வர். தாய்வழிக் குடிமுறை நிலவும் இப்பிரதேசத்தில் ஒருவரது குடி தாயினாலேயே நிர்ணயிக்கப்படுகின்றது. கோயிற் கடமைகளும் மரியாதைகளும் குடிகளின் அடிப்படையிலேயே பகிரப்பட்டு வந்துள்ளன. 1969 முதல் அக்கரைப்பற்றிற் கள ஆய்வு செய்து 2008 இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வமைப்பைத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே கண்டு விளக்கியுள்ளார். கட்டிட வரலாறு என்ற முறையில் நாம் கருதவேண்டியது இதுவே: இங்கு வீட்டின் அமைப்பு ஒரு தலைமுறைக்கானது, வளவின் அமைப்பு பல தலைமுறைக்கானது.

சொற்கள் காட்டும் வரலாறு

மண்வீடு அழிந்தபோதும் அதன் உறுப்புக்களுக்கு மக்கள் இட்ட பெயர்கள் அழிவதில்லை. யன்னல், விறாந்தை, குசினி, சாவி, அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு, கிராதி, அலவாங்கு என நாளும் வழங்கும் சொற்கள் போர்த்துக்கேய மொழி வழியே வந்தவை. கந்தோர், லாச்சி, கக்கூசு என்பன ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தவை. சீமெந்து, ஹோல், போட்டிக்கோ என்பன ஆங்கிலேயர் காலத்தவை. இவற்றோடு வீடு, வாசல், சுவர், கூரை, தூண், வளை, முற்றம், வேலி, கிணறு, வளவு என்ற சொற்களை ஒப்பிடின் ஓர் ஒழுங்கு புலனாகும். வீட்டின் எலும்புக்கூடும் எல்லையும் தமிழ்ப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. திறப்பு, பூட்டு, தளபாடம் என்பன பிறமொழிப் பெயர் பெற்றன.

சொல் வந்தமையாற் பொருளும் அப்போதே வந்தது எனக் கொள்ளுதல் தவறு. போர்த்துக்கேயர் வருமுன் தமிழர் சமைத்து உண்ணாதிருந்தனர் என எவரும் கூறார்; அடுக்களை அதற்கு முன்னரும் இருந்தது. சாளரம், பலகணி என்பன பழந்தமிழில் உள்ளவையே. விறாந்தை என்ற சொல்லின் மூலம் ஐரோப்பாவோ இந்தியாவோ என்பது பற்றிய கருத்து வேறுபாடும் உண்டு. ஆகவே, சொல்மாற்றம் பொருளின் வடிவமாற்றத்தையும், அதனைச் செய்தவர் யார் என்பதையும், எந்த மாதிரி மதிப்புக்குரியதாய்க் கருதப்பட்டது என்பதையும் உணர்த்துகின்றது என்ற அளவில் நின்றுகொள்வதே தகும். சுவரிலே விட்ட சிறு துளை, நிலையும் கதவும் கிராதியும் பொருத்திய யன்னலாயிற்று. திண்ணை, தூண்களும் கூரையும் பெற்று விறாந்தையாயிற்று.

யன்னலைச் செய்தவர் யார் என்ற வினாவுக்கு மட்டக்களப்பிலே தெளிவான விடையுண்டு. போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களான பறங்கியர் மட்டக்களப்பு நகரில் இன்றும் வாழ்கின்றனர். தச்சுவேலை, இரும்புவேலை முதலாய கைத்தொழில்களே இவர்களுட் பெரும்பாலோரின் வாழ்வாதாரமாய் இருந்து வந்தன. கொழும்பின் ஒல்லாந்தப் பறங்கியர் எழுதுவினைஞராயும் வழக்கறிஞராயும் உயர்ந்தபோது, கிழக்கின் போர்த்துக்கேயப் பறங்கியர் உளியையும் சுத்தியலையும் ஏந்திய உழைப்பாளராகவே வாழ்ந்தனர். கிழக்கிலங்கைக் காடுகளின் முதிரையும் கருங்காலியும் கப்பலேறியமை பலரறிந்த செய்தி. அவ்வகை மரங்களை நிலையாகவும் கதவாகவும் அலுமாரியாகவும் ஆக்கிய கைகளைப் பற்றிய செய்தி எழுதப்படவில்லை. காலனித்துவக் கட்டிடக்கலையைக் கோட்டைக் கட்டிடங்களிலிருந்து ஊர் வீட்டுக்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானோர் இத்தகைய தொழிலாளர் எனக் கருதுதல் பொருந்தும்.

கல்வீடும் செல்வமும்

சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் ஓடும் கொண்ட வீடு எல்லோருக்கும் எட்டிய ஒன்றன்று. கிடுகுக் கூரையை மெல்லிய கம்புகள் தாங்கும். ஓட்டுக்கூரைக்கு வலிய வளைகளும் தடித்த சுவர்களும் வேண்டும். கூரை மாறின் வீடு முழுவதுமே மாறவேண்டும். 1865 இல் மங்களூரிற் பாசல் மிசன் தொடக்கிய ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடர்ந்து தென்னிந்திய மேற்குக் கரையில் பெருகிய இயந்திர ஓடு, கள்ளிக்கோட்டை ஓடு என்ற பெயரில் இலங்கைக்கும் வந்தது. ஒல்லாந்தர் காலத்து வளைந்த ஓட்டினும் எடை குறைந்த இது, இடைநிலைச் செல்வருக்கும் ஓட்டுவீட்டை எட்டச் செய்தது.

1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் பின், தேசாதிபதி வார்ட் காலத்தில், மட்டக்களப்பின் தென்பகுதிக் குளங்கள் திருத்தப்பட்டன. நெற்செய்கை விரிந்தது. அதன் பயன் பெருமளவிற் போடிமாரைச் சென்றடைந்தது. போடியார், பற்றை நிருவகித்த வன்னியனார், மிசன் பாடசாலையிற் கற்று உத்தியோகம் பெற்றோர் ஆகியோரின் மனைகளே ஊர்களில் முதலில் கல்வீடுகளாயின எனலாம். 1814 இல் வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடக்கிய மெதடிஸ்த கல்விப்பணி புளியந்தீவில் வேரூன்றிப் பின் கரையோர ஊர்களுக்கும் பரவியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. முன் விறாந்தை, நடுவே மண்டபம், இருமருங்கும் அறைகள், பின்னே குசினி என்ற பங்களா அமைப்பு அரச விடுதிகளிலும் வாடிவீடுகளிலும் பாடசாலைகளிலும் காணப்பட்டது. அதுவே ஊர் வீட்டுக்கும் மாதிரியாயிற்று. போடியாரின் கல்வீட்டுக்கு வயலிற் பாடுபட்டோர் மண்வீட்டிலேயே வாழ்ந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வீட்டின் வடிவமாற்றம் வர்க்க வேறுபாட்டைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தது.

எனினும் ஒன்றைக் குறித்தல் அவசியம். போடியார் கட்டிய கல்வீடும் அவர் மகளுக்குச் சீதனமாயிற்று. கோட்டை இல்லத்தின் விறாந்தையையும் யன்னலையும் எழுவான்கரை ஏற்றுக்கொண்டது. பதவியோடு சேர்ந்த ஆணின் மனை என்ற அதன் உள்ளியல்பை ஏற்கவில்லை.

நொத்தாரிசும் உறுதியும்

மட்டக்களப்பின் பழைய உரிமை வழக்கு முக்குவர் சட்டம் எனப்பட்டது. முதுசச் சொத்து தாய்வழியிலே, மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும் என்பது அதன் அடிப்படை. யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707 இல் ஒல்லாந்தராலே தொகுக்கப்பட்டுப் பிரித்தானியர் காலத்திலும் சட்டவலுப் பெற்றது. முக்குவர் சட்டத்துக்கு அந்நிலை வாய்க்கவில்லை. பிறிற்றோ அதனை நூலாக வெளியிட்ட 1876 ஆம் ஆண்டிலேயே, விவாக உரிமை, மரபுரிமை பற்றிய 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொதுச் சட்டத்தை அதன் இடத்திற் கொண்டுவந்தது.

சட்டம் மறைந்தது, தாய்வழி மறையவில்லை. மரணத்தின் பின் சொத்து எவருக்குப் போகும் என்பதையே புதிய சட்டம் வரையறுத்தது. உயிரோடிருக்கும்போதே மகளுக்குக் கொடுத்துவிடுவதை அது தடுக்கவில்லை. அவ்வாறு கொடுப்பதற்கு வேண்டியது உறுதி. 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிலபுலன்களைக் கைமாற்றுதற்கு நொத்தாரிசு முன்னிலையிலான எழுத்தை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது. நொத்தாரிசு என்ற சொல்லும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றதே. மாமன் வழியாற் பாய்ந்த உரிமை, சீதன உறுதி வழியாகத் தாயிடமிருந்து மகளுக்குப் பாயலாயிற்று. எனவே தொன்றுதொட்டு வந்ததாக நாம் எண்ணும் சீதன வீடு, அதன் இன்றைய உருவில், காலனித்துவக் காலச் சட்டத்துக்கு இச்சமூகம் அளித்த மறுமொழி எனக் கொள்ள இடமுண்டு. அவ்வகையிற் கோட்டைக் கட்டிடத்தைப் போலவே அதுவும் அக்காலத்தின் வரலாற்றுச் சின்னமாகும்.

இதனைப் பெண்ணுரிமையின் பொற்காலமாகச் சித்திரித்தல் எமது நோக்கமன்று. வீடு பெண்ணின் பெயரில் இருந்தது. ஆனால் மணத்தின் நிபந்தனையாகவே அது அவளை அடைந்தது. வீடு கொடுக்க இயலாத பெற்றோரின் மகள் மணமின்றிக் காத்திருந்தாள். அண்மைத் தசாப்தங்களில் மகளுக்கு வீடு கட்டுவதற்கெனத் தாய்மாரே மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் சென்றமை இதன் மறுபக்கம். ஆயினும் கணவனோடு பிணக்குறும்போது வீட்டைவிட்டு வெளியேறவேண்டியவன் அவனே; அவள் அல்லள். தாயும் சகோதரிகளும் அதே வேலிக்குள் இருந்தனர். இப்பாதுகாப்பு சிறியதன்று.

அழிவும் மீள்கட்டுமானமும்

1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளி எழுவான்கரையின் தென்னைகளையும் கிடுகுக் கூரைகளையும் ஒருசேர வீழ்த்திற்று. பின்னர் வந்த போர்க்காலம் பல குடும்பங்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் கடற்கோள் கடலோர மனைகளைக் கொண்டுபோயிற்று. ஒவ்வோர் அழிவின் பின்னரும் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. அவற்றின் படிவங்களிலே குடும்பத் தலைவர் என்ற ஓர் இடம் இருந்தது. அவ்விடத்தில் வழக்கமாக ஆணின் பெயரே எழுதப்பட்டது. கடற்கோளுக்குப் பின் கிழக்கிலங்கைப் பெண்கள் அமைப்புக்கள் இதனைச் சுட்டிக்காட்டிக் கூட்டு உரிமையேனும் வேண்டும் எனக் கோரின. அரச காணிகளைப் பொறுத்தவரை 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கே முன்னிடம் வழங்கிற்று. அப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என மூவர் ஆட்சியிலும் வீட்டின் சுவரும் கூரையும் மாறியபோது மாறாதிருந்த உரிமை, உதவியாய் வந்த ஒரு படிவத்தினால் மாறக்கூடியதாயிற்று. இம்மாற்றம் கட்டிடத்திலே தெரிவதில்லை. சீமெந்துச் சுவரையும் தகரக் கூரையையும் அளப்போர் அதனைக் காணமாட்டார்.

ஆகவே கட்டிடக்கலை வரலாற்றாய்வின் முறைமை பற்றி ஒன்றைக் கூறி அமைவோம். புளியந்தீவுக் கோட்டை பேணப்படவேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனோடு, களுதாவளை போன்ற ஊர்களிற் பழைய வீடுகளை ஆராய்வோர் நிலப்படம் வரைவதோடும் தூண்களை எண்ணுவதோடும் நின்றுவிடலாகாது. இவ்வீடு எவரிடமிருந்து எவருக்குச் சீதனமாயிற்று, உறுதி எந்த ஆண்டு எவர் பெயரில் எழுதப்பட்டது, வளவு எத்தனை சகோதரிகளுக்கிடையே பிரிந்தது, இப்போதைய பத்திரத்தில் உள்ள பெயர் எது என்பனவும் பதிவாகவேண்டும். அலுமாரி லாச்சிகளில் மடித்து வைக்கப்பட்ட உறுதிகளும் பெத்தாமாரின் நினைவுகளுமே இதற்கான ஆவணங்கள். சூறாவளிக்கும் கடலுக்கும் போருக்கும் தப்பியவை மிகச் சில. அவற்றைச் சேகரிக்கும் பணியைக் கிழக்கின் பல்கலைக்கழக மாணவர்கள் தத்தம் ஊர்களிலிருந்தே, தத்தம் தாயின் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.